நெஞ்சு வலி இல்லை என்று சொன்னவர்

அவர் யாரைப் பார்த்தாலும் முதலில் காலைத்தான் பார்ப்பார். முகம் அப்புறம்தான். காலில் போட்டிருப்பது சரியாக இருந்தால் தலையை லேசாக ஆட்டுவார். சரியில்லை என்றால் கீழுதட்டைப் பிதுக்குவார். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்று நின்றே வயதானவர். பாஸ், ரிஜெக்ட் என்ற இரண்டே வார்த்தையில் உலகத்தைப் பிரித்து வைத்திருந்தார். எதிர்வீட்டு கேட்டுக்கு அடித்த பெயின்ட் ரிஜெக்ட். தெருமுனை டீக்கடையில் பால் பாஸ், தூள் ரிஜெக்ட். புதிதாகப் போட்ட தார் ரோடு, ரோலர் வண்டி திரும்பிப் போவதற்கு முன்பே ரிஜெக்ட்.

நான் முதல் தடவை அவர் வீட்டு வாசலில் நின்றபோது என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

"இன்னாமா இது? லெஃப்ட்ல சோல் வாயத் திறந்துக்கினு நிக்குது. ஆராய்ச்சி ஆபீஸ்ல சம்பளம் குடுக்கறது இல்லியா?"

"குடுக்கறாங்க ஐயா. நான்தான் இன்னும் மாத்தல."

"மாத்து. தெருத்தெருவா நடக்கிற பொழப்பு. கால் போனா பொழப்பு போச்சு. அப்புறம், ஐயான்னு கூப்பிடாத. அதுக்குள்ள என்ன போட்டோ புடிச்சி மாலை போட்டுடாத."

அன்றிலிருந்து அவர் எனக்கு அண்ணா ஆனார். அவர் மகளைவிட நான் கொஞ்சம்தான் பெரியவள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அதைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை வியாதி உள்ளவர்களில் யாருக்கு இதய நோய் வருகிறது, ஏன் வருகிறது, வருவதற்கு முன்னால் உடம்பு என்ன சொல்கிறது என்று கண்டுபிடிக்கிற ஓர் ஆராய்ச்சி. டாக்டர்கள் வேலூரில் இருப்பார்கள். நான் வீடு வீடாகப் போகிறவள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டிலும் பிரஷர் பார்ப்பேன், எடை பார்ப்பேன், விரலில் குத்தி ரத்தம் எடுப்பேன். பிறகு கேள்விகள். நெஞ்சு வலி வந்ததா? நடந்தால் மூச்சு வாங்குகிறதா? மாடி ஏறினால்? படுத்தால்? காலில் வீக்கம் உண்டா? காரணம் இல்லாமல் வியர்த்ததா? ஒரே கேள்வியை ஒரே நாளில் பல வாசலில் கேட்டுக் கேட்டு, எனக்கே என் குரல் ரயில்வே அறிவிப்பு மாதிரி ஆகிவிடும்.

சாயங்காலம் ஜோலார்பேட்டைக்கு ரயில் ஏறுவேன். வீட்டில் நானும் அம்மாவும்தான். அம்மாவுக்குக் காது சுத்தமாகக் கேட்காது. சாம்பாரில் உப்பு கம்மி என்பதைக்கூட நான் கையைக் காட்டித்தான் சொல்லவேண்டும். நாள் முழுவதும் கேள்வி கேட்டுவிட்டு, வீட்டில் ஜாடை பேசிவிட்டுப் படுத்தால், மனுஷ வாயால் இரண்டு வார்த்தை சாவகாசமாகப் பேச மாட்டோமா என்று இருக்கும். அதனால் பேச்சு கிடைக்கிற வீடுகள் எனக்குப் பிடிக்கும். அவர் வீடு அப்படிப்பட்டது.

பாலாற்றுப் பக்கம் இறங்குகிற தெருவில் கீழ் போர்ஷன். மனைவி போய் நாளாயிற்று. ஒரே மகள், ஓசூரில். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள். மாடியில் குடியிருந்த புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் விடிகாலையில் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டியபின்தான் இறங்குவார்கள். பகலில் அந்தத் தெருவே வேலைக்குப் போய்விடும். மிச்சம் இருப்பது நாய்களும் அவரும்தான். டிவியை எப்போதும் சத்தமாக ஓடவிட்டிருப்பார். பார்க்க மாட்டார். "வூட்ல ஆள் இருக்கிற மாதிரி இருக்கும்" என்று ஒருநாள் சொன்னார். சொன்ன மறுநொடியே டிவிக்காரன் சவுண்ட் சிஸ்டம் ரிஜெக்ட் என்று பேச்சை மாற்றினார்.

கேள்விகளுக்கு அவர் பதில் சொல்கிற விதமே தனி. நான் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிடும்.

"நெஞ்சு வலி..."

"இல்ல."

"மூச்சு..."

"இல்ல. அடுத்தது."

"கேக்க வுடுங்கண்ணா. முழுசா கேக்கணும்னு ரூல்ஸ்."

"கேளு, கேளு. நீ எத்தினி தபா கேட்டாலும் பீஸ் பாஸுதான்," என்று மார்பில் தட்டிக் காட்டுவார். பிறகு டீ வரும். கூடவே கேக். சர்க்கரைக்காரர் வீட்டில் கேக் எதற்கு என்றால், "உனக்குத்தான்" என்பார். நான் ஒரு துண்டு தின்பதற்குள் அவர் இரண்டு தின்றிருப்பார்.

என் தேதி நெருங்கினால் மட்டும் மனுஷர் துறவியாகிவிடுவார். ஒரு வாரத்துக்கு முன்பிருந்து பாகற்காய், வெந்தயத் தண்ணீர், கேழ்வரகுக் கஞ்சி. விரலில் குத்தினால் சர்க்கரை அளவு பள்ளிக்கூடப் பிள்ளைக்கு இருக்கிற மாதிரி வரும். அவர் மீசையைத் தடவிக்கொள்வார். ஆனால் நாங்கள் இன்னொரு சோதனையும் செய்வோம். மூன்று மாதமாக ரத்தத்தில் சராசரியாகச் சர்க்கரை எவ்வளவு இருந்தது என்று அது காட்டிக்கொடுத்துவிடும். அதில் அவர் வண்டவாளம் எல்லாம் தண்டவாளம் ஏறிவிட்டது. விஷயத்தைச் சொன்னபோது அவருக்கு வந்ததே கோபம்!

"மூணு மாசத்துக்கும் சேத்தா? இது இன்னா நியாயம்? சொல்லாம கொள்ளாம குடோனுக்குள்ள பூந்து செக் பண்ற மாதிரி இருக்குதே!"

கம்பெனிக்கு ஷூ வாங்குகிற வெளிநாட்டுக்காரர் வருகிற நாளைப் பற்றி அவர் நிறையச் சொல்லியிருக்கிறார். பையர் வர்றாரு என்று சேதி வந்தால் போதும். தரையைக் கழுவுவார்களாம், எல்லாருக்கும் மாஸ்க்கும் கையுறையும் கொடுப்பார்களாம், தீயணைக்கிற சிலிண்டரைத் துடைத்து வைப்பார்களாம். டேமேஜ் பீஸ் எல்லாம் பின்பக்க ஷெட்டுக்குப் போய்விடும். பையர் சிரித்துக்கொண்டே போன பிறகு, எடுத்ததெல்லாம் பழைய இடத்துக்கு வரும். "அவனுக்கும் தெரியும்மா. ஆனா அன்னைக்கு சுத்தமா இருந்தா போதும் அவனுக்கு," என்பார். இந்தக் கதையைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு திருட்டுச் சந்தோஷம் இருக்கும்.

நானும் அவருக்கு ஒரு பையர்தான் என்பது எனக்குப் புரியாமலே ரொம்ப நாள் போயிற்று. நான் வருகிற நாளில் தேய்த்த சட்டை போட்டிருப்பார். மீசைக்கு மை பூசியிருப்பார். வாசலில் தண்ணீர் தெளித்திருக்கும். இதெல்லாம் தனியாக இருக்கிற மனுஷருக்கு விருந்தாளி வருகிற சந்தோஷம் என்று நினைத்திருந்தேன். அதுவும் உண்மைதான். ஆனால் அந்த ஏற்பாட்டில் இன்னொன்றும் இருந்தது. முந்தின நாள் முழுவதும் அசையாமல் படுத்திருந்து உடம்பைத் தேற்றிவைப்பார். பால், காய், கேக் எல்லாம் முன்கூட்டியே வாங்கிவிடுவார், என் எதிரில் எழுந்து நடக்கவேண்டி வரக்கூடாது என்று. டீயைக்கூட பிளாஸ்க்கில் ஊற்றி நாற்காலிக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பார். அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. அதை என்னிடம் இருந்துதான் மறைத்தார். ஊரில் அதைக் கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிற ஒருத்தி நான்.

அவருக்குச் செருப்பு தொலைந்த கதையை இங்கே சொல்லவேண்டும். ஒரு தடவை நான் போனபோது வாசலில் ஒற்றைச் செருப்பு கிடந்தது. புதுசு.

"இன்னொண்ணு எங்கண்ணா?"

"மார்க்கெட்டுக்குப் போயிட்டு வந்து பாக்கறேன், ஒரு காலுல செருப்பே இல்ல. எங்க வுழுந்ததுன்னு தெரியல."

"வுழுந்தது தெரியலியா? வெய்யில்ல வெறுங்கால்ல நடந்திருக்கீங்க."

"ஸ்ட்ராப் லூஸும்மா. மேனுஃபேக்சரிங் டிஃபெக்ட். நம்ம காலத்துல இப்பிடி ஒரு பீஸ் கம்பெனி கேட்ட தாண்டியிருக்குமா?"

அவர் காலைத் தூக்கச் சொல்லிப் பார்த்தேன். பாதத்தில் கொப்புளம். நைலான் நரம்பு மாதிரி ஒன்று எங்களிடம் இருக்கும், அதை வைத்து விரல் விரலாக அழுத்தி, தெரியுதா என்று கேட்போம். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் "தெரியுது" என்றார். நான் கையை எடுத்துவிட்டுச் சும்மா இருந்தபோதும் "தெரியுது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆயுசு பூராவும் ஷூவைத் தடவிப் பார்த்தே ஒரு நூல் பிசகினால் சொன்ன மனுஷருக்குச் சொந்தக் காலில் உணர்ச்சி செத்துப் போயிருந்தது. டாக்டரிடம் சொன்னேன், மாத்திரை எழுதினார். காலை தினமும் பார்க்கச் சொல்லிவிட்டு வந்தேன். "டெய்லி இன்ஸ்பெக்‌ஷனா? அது நம்ம தொழிலாச்சே," என்று சல்யூட் அடித்தார்.

அப்புறம் வந்தது அந்தச் செவ்வாய்க்கிழமை. என்னோடு வேலை செய்கிற ரேவதி லீவு போட்டிருந்தாள். அவள் பார்க்க வேண்டிய வீடுகளை நான் பார்த்தேன். அவர் தெருவுக்கு அடுத்த தெரு. வேலை முடிந்து ஸ்டேஷனுக்கு நடந்தபோது, சர்வீஸ் ரோடு ஓரமாக ஒரு சிறு பாலத்தின் சுவரில் அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். முதலில் அடையாளமே தெரியவில்லை. மீசை வெள்ளையாக இருந்தது. லுங்கியும் பனியனும். மடியில் ஒரு தயிர் பாக்கெட். நல்ல காற்று அடித்துக்கொண்டிருந்தது, அவருக்கு மட்டும் முகமெல்லாம் வியர்த்து வழிந்தது. தோள் இரண்டும் மூச்சோடு ஏறி இறங்கின. கடைக்கும் வீட்டுக்கும் நடுவில், பிள்ளைகள் ஓடியே போய்விடுகிற தூரத்தில், அவர் மாட்டிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன்.

"நீ ஏன் வந்த?" என்றார். "இன்னைக்கு உன் டேட் இல்லியே."

"அண்ணா, எத்தினி நாளா இப்படி?"

"இன்னா எப்படி? வெய்யில். அவ்ளோதான். நீ போ. உன் டேட்ல வா."

"வெய்யிலே இல்லண்ணா. மேகம் கட்டிக்கினு நிக்குது."

அவருக்குப் பேச மூச்சு இல்லை. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. மூச்சு கொஞ்சம் அடங்கியதும் அவரே ஆரம்பித்தார். கோபம் போய்விட்டிருந்தது. கெஞ்சுகிற குரல்.

"எழுதிடாதம்மா. உன் டேட்ல நீ பாக்கறதுதானே கணக்கு? இத எழுதாத. எழுதினா என் பேர எடுத்துடுவாங்க."

"எதுல இருந்து எடுப்பாங்க?"

"உங்க ஆராய்ச்சில இருந்து."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் சொல்லச் சொல்லத்தான் விளங்கியது. ஆராய்ச்சி ஆரம்பித்தபோது ஊரில் கேம்ப் போட்டு ஆள் சேர்த்தோம். அவரும் அவருடைய தோஸ்த் ஒரு பாயும் சேர்ந்து வந்து வரிசையில் நின்றார்கள். பாய் தோல் மண்டியில் வேலை பார்த்தவர். இரண்டு பேருக்கும் சர்க்கரை. இரண்டு பேருக்கும் ஈசிஜி எடுத்தார்கள். பாய்க்கு ஏற்கெனவே இதயத்தில் கோளாறு இருப்பது தெரிந்தது. இது சர்க்கரைக்காரர்களுக்கு இதய நோய் புதிதாக எப்படி வருகிறது என்று பார்க்கிற ஆராய்ச்சி. முன்பே வந்துவிட்டவர்களைச் சேர்க்க முடியாது. அதனால் பாய்க்கு மருந்துச் சீட்டு எழுதிக் கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி அனுப்பினார்கள். இவரைச் சேர்த்துக்கொண்டார்கள். செக்கிங் டேபிளில் நின்றவர் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்? பாய் ரிஜெக்ட், நான் பாஸ். அதற்கப்புறம் பாய் மேல்விஷாரத்தில் மகன் வீட்டோடு போய்விட்டார். அவரைப் பார்க்க இவர் ஒருமுறைகூடப் போகவில்லை. பாஸான மூஞ்சியை வைத்துக்கொண்டு எப்படிப் போவது என்று கூச்சமாம்.

"எனக்கும் ஹார்ட்ல டேமேஜுன்னு தெரிஞ்சா அவ்ளோதானே? நீ வர மாட்ட. வேற வூட்டுக்குப் போய்டுவ."

அந்தப் பாலத்துச் சுவரில் உட்கார்ந்துகொண்டு எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. மூச்சு முட்டிச் செத்தாலும் சாவேன், நீ வருவது நிற்கக் கூடாது என்று ஒரு மனுஷர் கணக்குப் போட்டிருக்கிறார். அதுவும் தப்புக் கணக்கு.

"அண்ணா, நீங்க தலைகீழா புரிஞ்சிக்கினு இருக்கீங்க. சேரும்போதுதான் நோய் இருக்கக்கூடாது. சேந்தப்புறம் யாருக்கு வருதோ அவங்கதான் எங்களுக்கு முக்கியம். அவங்களத்தான் ஜாஸ்தி பாப்போம். மாசா மாசம் வருவோம்."

அவர் நம்பவில்லை. "டேமேஜ் பீஸ எந்தக் கம்பெனிடா ஷோகேஸ்ல வெக்கிறான்?" என்று ரோட்டைப் பார்த்துச் சொன்னார். நான் போனை எடுத்து எங்கள் டாக்டரிடம் பேசி, ஸ்பீக்கரில் போட்டு, அவர் காதாலேயே கேட்க வைத்தேன். டாக்டர் சொன்னதும் அதேதான், உடனே கூட்டி வா என்பதையும் சேர்த்துச் சொன்னார். வேலூருக்கு வாடகைக் கார் பிடித்து ஏறும்போது அவர் என் காலைப் பார்த்தார். புதுச் செருப்பு வாங்கியிருந்தேன். தலையை லேசாக ஆட்டினார்.

ஈசிஜியைப் பார்த்த டாக்டர் சின்ன வயசுக்காரர். நல்லவர். "உங்களுக்கு முன்னாடியே ஒரு அட்டாக் வந்து போயிருக்குங்க. கொஞ்ச மாசம் ஆகியிருக்கும்," என்றார்.

"சார், சத்தியமா சொல்றேன். நெஞ்சு வலி ஒருநாளும் வந்ததில்ல. அதுல மட்டும் நான் பொய் சொல்லல."

அது நிஜம். டாக்டர் பொறுமையாக விளக்கினார். நாள்பட்ட சர்க்கரை நரம்பைத் தின்றுவிடும். காலில் செருப்பு கழன்றது தெரியாமல் போகிற மாதிரி, நெஞ்சுக்குள் அட்டாக் வந்தாலும் வலி தெரியாமல் போகலாம். வெறும் வியர்வை, களைப்பு, வாந்தி, மூச்சு வாங்கல், அவ்வளவுதான் வெளியே தெரியும். சர்க்கரைக்காரர்களில் இப்படி எத்தனையோ பேருக்கு வந்ததே தெரியாமல் வந்து போகிறது. எங்கள் ஆராய்ச்சியே அதற்காகத்தான். அவர் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார்.

"ஒருநாள் பகல்ல பிரியாணி துன்னுட்டு படுத்தேன். குப்புனு வேர்த்துச்சு. வாந்தி. சாயங்காலம் வரைக்கும் எழுந்துக்க முடியல. பிரியாணி கெட்டுப் போச்சுன்னு நெனச்சேன். கடைக்காரன்கிட்ட போய் சண்டையும் போட்டேன் சார்." பிறகு தலையில் அடித்துக்கொண்டார்: "ஆம்பூர்ல பொறந்துட்டு பிரியாணி மேல பழி போட்டேன் பாருங்க."

டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றைக்குத் தனியாக அந்த வீட்டில், டிவி கத்திக்கொண்டிருக்க, சாவோடு சாயங்காலம் வரை படுத்திருந்துவிட்டு, எழுந்து போய்க் கடைக்காரனோடு சண்டை போட்டிருக்கிறார். யாரிடமாவது சொல்லியாக வேண்டுமே. அந்தக் கடைக்காரன்தான் கிடைத்திருக்கிறான்.

அதன்பிறகு மாதாமாதம் போனேன். இதயம் பாதிக்கு மேல் பலவீனமாகிவிட்டது, மாத்திரையால் தள்ளிக்கொண்டு போகலாம், பழைய மாதிரி ஆக்க முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவருக்கும் அது தெரியும். ஆனால் அந்த மாதங்களில்தான் மனுஷர் வாயைத் திறந்தார். முன்பெல்லாம் "இல்ல, இல்ல" என்று ஓட்டியவர், இப்போது ஒரு கேள்விக்கு அரைமணி நேரம் பதில் சொன்னார். மூச்சு வாங்குகிறதா என்றால், எந்தப் பக்கம் படுத்தால் எப்படி வாங்குகிறது, தலையணை ஒன்று வைத்தால் எப்படி, இரண்டு வைத்தால் எப்படி, எல்லாம் வரும். ஷூவின் தையலை விளக்குகிற மாதிரியே உடம்பை விளக்கினார். மீசைக்கு மை பூசுவதை விட்டுவிட்டார். பனியனோடு உட்கார்ந்திருப்பார். சிலசமயம் நான் வந்தது தெரிந்தும் படுத்தபடியே "வா, வந்து உக்காரு, பேஜாரா இருக்குது" என்பார். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்க எனக்கு எவ்வளவோ நாள் ஆகியிருந்தது. உடம்பு மோசமாகிக்கொண்டிருந்த அந்த மாதங்களில்தான் அவரோடு பேசுவது எனக்கு ரொம்பப் பிடித்தது. சொன்னால் தப்பாகத் தெரியும், ஆனால் அதுதான் உண்மை.

மகளிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். "அவளுக்கு வேலை, மாமியார், ரெண்டு கொழந்த. மாத்திரை துன்றேன்னு மட்டும் சொல்லியிருக்கேன். இதெல்லாம் உனக்குத்தான் யூஸ் ஆவும். அவளுக்கு இன்னாத்துக்கு?" நான் அவர் பேச்சைக் கேட்காமல் மகளுக்குப் போன் பண்ணினேன். அவள் பதறிப்போய் ஒரு சனிக்கிழமை பிள்ளைகளோடு வந்தாள். ஓசூருக்கு வரச் சொல்லிக் கெஞ்சினாள். அவர் போகவில்லை. அடுத்த முறை நான் போனபோது என் பக்கம் திரும்பாமல் டிவியைப் பார்த்தார். பிறகு, "குட்டிப் பையன் என் மாதிரியே காலப் பாக்கறான்மா" என்று அவராகவே ஆரம்பித்துவிட்டார்.

ஒரு மாதம், வரட்டுமா என்று கேட்கப் போன் பண்ணினேன். எடுத்தது மகள்.

"அப்பா போய்ட்டாருங்க. காரியம்கூட முடிஞ்சிடுச்சு."

பகலில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே. சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் இருந்து இறங்கிய மாடி வீட்டுப் பெண், டிவி சத்தம் வழக்கத்தைவிட ஜாஸ்தியாக இருக்கிறதே என்று எட்டிப் பார்த்திருக்கிறாள். எனக்குச் சொல்லவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்ற வேண்டிய அவசியமும் இல்லை. பைக்குள் பிரஷர் மெஷினை வைத்துக்கொண்டு வருகிற பெண்ணுக்கு யார் சாவுச் சேதி சொல்லி அனுப்புவார்கள்? அன்றைக்கு ஜோலார்பேட்டை ரயிலில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. அம்மாவிடம் சொல்லப் பார்த்தேன். ஒரு மனுஷர் செத்துப்போனதை ஜாடையில் சொல்லிவிடலாம். அவர் எனக்கு யார் என்பதற்கு ஜாடை கிடைக்கவில்லை.

எங்கள் ஆராய்ச்சியில் யாராவது இறந்துபோனால், கடைசி நாட்களில் என்ன நடந்தது என்று வீட்டாரிடம் கேட்டு எழுதவேண்டும். இதயத்தால்தான் இறந்தாரா என்று டாக்டர்கள் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். வழக்கமாகப் போகிறவர் இந்த வேலைக்குப் போகக்கூடாது, வேறு ஆள்தான் போகவேண்டும். ரேவதி போனாள். மகளிடம் கேட்டாள். "கடைசி ஒரு மாசம் அப்பாவுக்கு எப்படி இருந்துச்சுன்னு எனக்கு நிஜமா தெரியலங்க. அந்த ஆராய்ச்சி அக்காகிட்டதான் எல்லாம் சொல்வாரு," என்று அவள் அழுதாளாம். மாடி வீட்டில் கேட்டாள். "டிவி சத்தம் கேக்கும், இருக்காருன்னு நெனச்சிப்போம்," என்றார்களாம். மேல்விஷாரத்து பாய்க்குப் போன் போட்டாள். பாய் இவரைப் பார்த்தே வருஷக்கணக்கில் ஆகிறது. சேதியே அப்போதுதான் தெரியும் அவருக்கு. போனிலேயே விம்மிவிட்டார்.

ரேவதி வெறும் கையோடு திரும்பி வந்தாள். டாக்டர் கொஞ்சம் யோசித்தார். பிறகு என்னைக் காட்டி, "இவங்களையே கேட்டு எழுதிடும்மா, வேற வழி இல்ல," என்றார்.

ஆபீஸில் எதிரெதிராக உட்கார்ந்தோம். நான் உட்கார்கிற பக்கத்தில் ரேவதி, பதில் சொல்கிறவர்கள் பக்கத்தில் நான். அவள் கேட்டாள், நான் சொன்னேன். தலையணை இரண்டு வைத்தும் படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்கியது, கணுக்காலில் விரலை அழுத்தினால் குழி விழுந்தது, பல் தேய்க்கவே ஸ்டூல் போட்டுக்கொண்டது. ஒன்றையும் விடவில்லை. எனக்கு இவ்வளவு தெரியும் என்பது சொல்லும்போதுதான் எனக்கே தெரிந்தது.

"அக்கா, ஒண்ணு பாக்கி," என்றாள் ரேவதி. "மொதல்லயே போட வேண்டியது, தாண்டி வந்துட்டேன். பதில் சொல்றவங்க எறந்தவருக்கு என்ன உறவு? மனைவி, மகன், மகள், கூடப் பிறந்தவங்க, பக்கத்து வீடு, மற்றவை."

"மற்றவை."

"மற்றவைன்னா இன்னான்னு அடிக்கணும்கா. காலியா வுட்டா மேல போகாது."

ஊழியர் என்று போடலாம். சரியாகத்தான் இருக்கும். ஆனால் ஊழியர் என்றால், அவர் எனக்காகத் தண்ணீர் தெளித்து வைத்த வாசலுக்கு நான் சம்பளத்துக்குப் போனேன் என்று ஆகிவிடும். தெரிந்தவர் என்று போட்டால், ரோட்டில் பார்த்துத் தலையாட்டுகிறவர்களும் தெரிந்தவர்கள்தான். ரேவதி திரையைப் பார்த்தபடி விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"எப்படி இருக்கீங்கன்னு அவரைக் கேக்கறதுக்கு இருந்த ஆளுன்னு போடு," என்றேன்.

ரேவதி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். திருத்தவில்லை. சொன்னபடியே அடித்தாள். நான் துப்பட்டாவை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன். அவள் அடுத்த பக்கத்துக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தாள்.